சேற்றின் மேல் குந்திய ஊர்

கண்டல்முனையில் பதினொரு பேருக்குப் பிறந்த ஊர் கிடையாது. தாய் தகப்பன் உண்டு, பெயர் உண்டு, அரிசிக் கூப்பன்கூட உண்டு. பிறந்த ஊர்தான் இல்லை. அந்தப் பதினொரு பேரும் தோணியில் பிறந்தவர்கள்.

கண்டல்முனை இருக்கிற படுவான்கரையிலிருந்து வாவிக்கு அப்பால் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கம்பு ஊன்றிப் போய்ச் சேர இரண்டரை மணித்தியாலம் பிடிக்கும். பிள்ளைகள் அவ்வளவு நேரம் பொறுப்பார்களா, சொல்லுங்கள்? நடு வாவியில், வானத்தையும் நீர்க்காகங்களையும் பார்த்துக்கொண்டு வந்து விழுந்துவிடுவார்கள். விழுகிற பிள்ளையைக் கையில் ஏந்துகிறவள் செசீலியா மிசி. அரசாங்கத்து மருத்துவிச்சி. பட்டணத்து வேதக்காரப் பெண்ணாக இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னர் வந்தவள், கண்டல்முனையிலேயே தங்கிவிட்டாள். ஆள் தொண்ணூற்றெட்டு இறாத்தல்தான். குரல் மட்டும் அதைவிடப் பாரம்.

பதினொன்று என்றது கரை சேர்ந்த பிள்ளைகளை. சேராதவர்களும் உண்டு, இரண்டு தாய்மாரும் உண்டு. அவர்களுடைய பெயர்களைச் செசீலியா செபமாலையின்போது மட்டும் சொல்லுவாள்.

தோணியில் ஒவ்வொரு பிள்ளை பிறக்கும்போதும் அவள் அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதினாள். பதினோராவது மனுவுக்கு, எழுபத்துமூன்றாம் ஆண்டில், பதில் வந்தது. கண்டல்முனைக்கு ஒரு பிரசவ அறை கட்டித்தரப்படும். இடம், வாவி ஓரத்து அரசாங்கக் காணி. நிலம் பாரம் தாங்கும் என்று இஞ்சினியர் ஒப்பம் வைத்தால்தான் கட்டடம். தாங்காவிட்டால் அறை அயலூரான உன்னிச்சைக்குப் போகும்.

காணியைப் பார்க்க ஊரே போனது. கொழும்பில் இருக்கும் வரைபடத்தில் அது தரை. கண்டல்முனையில் அது சேறு. நண்டுகூட யோசித்துத்தான் கால் வைக்கும். நீளக் கம்பு ஒன்றைக் குத்தினால் கம்பு போய்க்கொண்டே இருக்கும், இழுத்தால் பக்குப் பக்கென்று கொப்புளம் வரும். தோணிக்கார யோசேப் சுருட்டுப் பற்றவைக்கக் குனிந்தான். கொப்புளம் நீலமாகப் பற்றி எரிந்தது. மீசையில் பாதி போயிற்று.

"இதுக்கு மேலயா மிசி பிள்ள பெறப் போறாங்க?" என்றான், மிச்ச மீசையைத் தடவிக்கொண்டு.

"தோணியவிட இது நல்லம்," என்றாள் செசீலியா.

கட்டட வேலையை மேற்பார்க்க வந்தவர் தங்கராசா ஓவசியர். மெலிந்த மனிதர், உலகத்தில் நடப்பதெல்லாம் அவருக்கு ஆச்சரியம். ரஷ்யாவிலிருந்து இலவசமாக வரும் பத்திரிகை ஒன்றை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். கூட்டம் கூடினதும் எடுத்து விரித்தார்.

"ஆழக் கடலுக்கு அடியில, பனிப் பாலைவனத்துக்கு அடியில, சேத்துக்குள்ள இரிக்கிற காத்தும் தண்ணியும் குளிருக்கும் பாரத்துக்கும் ஒண்டாச் சேந்து ஐஸ் மாதிரி ஆகுதாம். அந்த ஐஸ் சேத்த இறுக்கிப் பிடிக்க, சேறு கல்லாகுதாம்!"

"ஐஸா?" என்றது கூட்டம்.

"மறுகா அந்தப் பாரத்தச் சட்டெண்டு எடுத்தா, இல்லாட்டி குளிர் உட்டுப்போச்செண்டா, ஐஸ் திரும்பக் காத்தாகுமாம். கல்லு கஞ்சியாகுமாம்."

இந்த இரண்டாவது பகுதி யாருடைய காதிலும் ஏறவில்லை. ஐஸ் எவ்வளவுக்கு எங்கே வாங்கலாம் என்ற பேச்சு அதற்குள் தொடங்கிவிட்டது. செசீலியா மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிள்ளை பெற்றவளின் கருப்பை கல்லாக இறுகி நின்றுவிட்டு ஒரு நொடியில் கஞ்சியாகிற காரியம் அவளுக்குத் தோணியில் தெரிந்த காரியம்தான்.

ஐஸ் பரிசோதனை ஒருநாள் நடந்தது. பட்டணத்து ஐஸ் தொழிற்சாலையில் பதினான்கு கட்டிகள், உமி போட்டு, சாக்கு மூடி, தோணியில் ஏறின. இறங்கியது ஒன்பது. கரையில் சர்பத்துச் செம்போடு நின்றவர்களைத் தாண்டி வந்தது ஆறு. ஆறையும் சேற்றில் பரப்பி, மேலே பலகை போட்டு, வட்டை விதானை இராசதுரை மரியாதையாக ஏறிக் குந்தினார். வயல்வட்டைக்குத் தண்ணீர் விடுகிற அதிகாரம் உள்ளவர், எதிலும் முதல் ஆளாக இருக்கிறவர்.

"எப்படி இரிக்கி விதானையார்?"

"சேறு எப்படியோ தெரியா. என்ர பின்பக்கம் கல்லாகிட்டு."

பின்னேரத்துக்குள் ஐஸ் தண்ணீராகிச் சேறு இன்னும் இளகிப் போனது. ஓவசியர் பத்திரிகையை மறுபடி வாசித்தார். "குளிருக்கு நமக்கு வழியில்ல," என்றார். "பாரம்தான் மிச்சம். கட்டடத்தின்ர பாரம் எவ்வளவோ அவ்வளவையும் முன்னுக்கே ஏத்தி வெச்சு, சேத்தப் பழக்க வேணும்."

"எவ்வளவு?"

"நூற்றியிருபது அந்தர்."

அந்த வருசம் கல்லுக்கு வழியில்லை. மண் மூட்டை கட்டலாமென்றால் சங்கக்கடையில் சாக்கு இல்லை. நெல் இன்னும் கதிரில். எல்லாரும் ஆளை ஆள் பார்த்தார்கள். ஒரு ஆள், கூடக் குறைய, ஒரு அந்தர்.

அப்படித்தான் ஊர் சேற்றின் மேல் குந்தியது.

தென்னங்குற்றி அடுக்கி, தென்னோலைக் கிடுகு பரப்பி, மேடை போட்டார்கள். நடுவில் ஒரு முழச் சதுரம் திறந்தபடி. அதற்குள் ஓவசியர் ஒரு இரும்புக் குழாயை ஆழமாக இறக்கினார். செசீலியா தன்னுடைய எனிமாக் குழாயையும் அதனுடைய கண்ணாடித் துண்டையும் கொடுக்க, அவற்றை இரும்புக் குழாயின் தலையில் பொருத்தினார். சேற்றுக்குள் இருக்கிற தண்ணீர் கண்ணாடியில் ஏறி நின்றது. காயத்துக்குப் போடுகிற சிவப்பு மருந்தால் செசீலியா அதில் ஒரு கோடு கீறினாள். இருபத்தோராம் நாள் இஞ்சினியர் வரும்போது தண்ணீர் இந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கவேண்டும். நின்றால் அறை. இல்லையென்றால் தோணி.

நூற்றியிருபது பேரும் குந்தினார்கள். தண்ணீர் கோட்டுக்கு மேலே ஒரு சாண் ஏறியது.

"ஐயோ, இது கூடுதே!" என்றாள் செசீலியா.

"கூடத்தான் செய்யும் மிசி. சேத்துக்குள்ள சின்னச் சின்ன அறை இரிக்கி. ஒவ்வொண்டுக்குள்ளயும் தண்ணியும் காத்தும் குடியிரிக்கி. நாம பாரம் வெச்சா மண் சுமக்காது, அந்தக் குடித்தனம்தான் சுமக்கும். அது மூச்சு முட்டிக் கண்ணாடியில ஏறுது. மெல்ல மெல்ல அது வெளிய போக, மண் தானாச் சுமக்கப் பழகும். இறுகும்."

"கெதியாப் போகப் பண்ண ஏலாதா?"

"கெதியாப் போனா எல்லாம் குழம்பிடும்."

செசீலியா தலையாட்டினாள். "இது எனக்குத் தெரிஞ்ச வேலதான் ஓவசியர். அவசரப்பட்டு முக்கினாக் கிழியும்."

ஓவசியர் காது சிவக்கப் பத்திரிகைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

பாரம் ஒரு நொடியும் குறையக்கூடாது என்பது சட்டம். ஒருவர் எழும்பினால் அதே இடத்தில் அவருடைய எடைக்கு ஒருவர் குந்தவேண்டும். மேடையிலேயே பாய் இழைத்தார்கள், வலை பொத்தினார்கள், பேன் பார்த்தார்கள், ஒரு கலியாணம் பேசி முடித்தார்கள், அதை முறிக்கவும் செய்தார்கள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கும், கண்டல்முனை ஒரே ஊராக இருந்திருந்தால். ஆனால் அது இரண்டு ஊர். கண்ணகை அம்மனுக்குக் கொம்பு முறிக்கும்போது வடசேரி ஒரு கொம்பைப் பிடிக்கும், தென்சேரி ஒரு கொம்பைப் பிடிக்கும், இரண்டையும் கொளுவி இழுப்பார்கள். முறிந்த பக்கத்தை முறியாத பக்கம் ஒரு வருசத்துக்குப் பாட்டாலே ஏசும். யார் எந்தச் சேரி என்பதைக் கொப்பூழ்க்கொடி புதைத்த மண் சொல்லும். அந்த ஊர்ச் சட்டம் அது.

யாரும் சொல்லாமலே வடசேரி மேடையின் வடக்குப் பக்கத்திலும் தென்சேரி தெற்குப் பக்கத்திலும் குந்தியிருந்தன. இரண்டு தலைப்பிலும் ஓவசியர் தாழ்வு பார்க்க அடித்த முளைகள் இருந்தன. மூன்றாம் நாள் காலை வடக்கு முளை தெற்கைவிட ஒரு விரல் அதிகமாகத் தாழ்ந்திருந்தது. இராசதுரை விதானை வடசேரிக்காரர். எழும்பாமலே மீசையை முறுக்கினார். தாழ்ந்த பக்கம் பாரமான பக்கம், பாரமான பக்கம் வென்ற பக்கம் என்று அவர் தீர்த்துவிட்டார். பாட்டும் கட்டியாயிற்று.

"தென்சேரி குந்தினதச் சேறுகூட அறியல்ல,
தும்பி வந்து குந்தினாலும் இத்தனைக்குக் கொறையல்ல!"

தென்சேரிக்குத் தலைவி கண்ணகைப் பெரியம்மா. வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பதில் கொடுத்தாள்.

"வடசேரிக் காரனுக்கு வயித்துக்குள்ள காத்து,
குந்துமிடம் கொப்புளிக்குது கொஞ்சம் தள்ளிப் பாத்து!"

அதோடு நின்றிருக்கலாம். விதானை உன்னிச்சையிலிருந்து மனைவியுடைய தம்பிமார் ஐந்து பேரை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொருவரும் ஒன்றரை அந்தர். மேடை சாய்ந்து அறை கைமாறினால் அது போகப்போவது உன்னிச்சைக்குத்தான் என்று விதானை நினைக்கவில்லை. தம்பிமாரும் நினைக்கவில்லை. அவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாகக் குந்தினார்கள்.

ஒன்பதாம் நாள் வடக்கு நாலு விரல் தாழ்ந்துவிட்டது. மேடையில் வைத்த தேங்காய் தானாக உருண்டு வடசேரிக்குப் போனது. ஓவசியர் அழாத குறை.

"இதுக்கு மேல கட்டினா மிசி, பிள்ள பிறந்து உருண்டு வாவிக்குள்ளதான் போகும்."

செசீலியா மேடையின் நடுவில் ஏறி நின்றாள். "தோணியில பிறந்த ஆக்கள் எல்லாம் எழும்பி வாங்க!"

பதினொரு பேர் எழும்பினார்கள், கடைக்குட்டிகள் மற்றவர்களுடைய இடுப்பில். அவர்களுடைய கொப்பூழ்க்கொடி விழுந்தது வாவியில். அதனால் அவர்களுக்குச் சேரி இல்லை. கொம்பு இழுக்கும்போது ஓரமாக நின்று எல்லாருக்கும் தண்ணீர் கொடுப்பார்கள். மூத்தவள் சீதேவிப்பிள்ளைக்கு இருபத்தொரு வயது, ஆளும் வஞ்சகமில்லாமல் வளர்ந்தவள். அவள் எழும்பின இடத்தில் கண்ணாடித் தண்ணீர் குலுங்கியது.

"சீதேவி எங்கட பக்கம்," என்றார் விதானை. "அவள்ற அப்பன் வடசேரி."

"எடியே சீதேவி, இஞ்சால வா புள்ள," என்றாள் கண்ணகைப் பெரியம்மா. "உன்ர தாய் எங்கட ஆள்."

"இருபத்தொரு வரியமா எனக்குச் சேரி இல்ல எண்டீங்க," என்றாள் சீதேவிப்பிள்ளை. "இப்ப எடை கூடினதும் எல்லாருக்கும் நான் சொந்தக்காரியோ?"

ஊர் சிரித்தது. சிரிப்பில் கண்ணாடித் தண்ணீர் ஒரு விரல் ஏறி இறங்கியது. "சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க!" என்று ஓவசியர் ஓடினார்.

செசீலியா உன்னிச்சைத் தம்பிமாரை ஒவ்வொருவராக மெல்ல எழுப்பி, சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பினாள். சேரியில்லாத பதினொரு பேரையும் அன்றன்றைக்கு எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தில் குந்தவைத்தாள். வென்றதாகவும் இல்லை, தோற்றதாகவும் இல்லை. அதனால் இரண்டு சேரிக்கும் பாட்டுக் கட்ட ஒன்றும் இல்லாமல் போயிற்று. மேடை மெல்ல மெல்ல நிமிர்ந்தது. கண்ணாடியில் தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு விரலாக இறங்கத் தொடங்கியது.

இருபத்தோராம் நாள் காலையில் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் நின்றது.

செசீலியா சதுரத்தின் ஓரத்தில் முழங்காலில் இருந்து அந்த இரண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருசம் எத்தனையோ பிள்ளைகளின் தலைகளை இப்படிக் காத்திருந்து பார்த்தவள். இது மட்டும் அசையமாட்டேன் என்றது. அவளுடைய கொப்பியில் அடுத்த மாதத்துக்கு மூன்று பெயர் இருந்தன. மழை மாதம். வாவியில் அலை ஏறுகிற மாதம்.

பத்து மணிக்குப் பற்றிக் என்ற இஞ்சினியர் தோணியிலிருந்து இறங்கினார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைத் தொப்பி. பலகை வழியாக நடந்து நேரே கண்ணாடியிடம் வந்தார்.

இப்போது நீங்கள் அந்த ஊர்ச் சனத்தோடு கோபிக்கக்கூடாது. வெள்ளைக் காற்சட்டை வந்தால் குந்தியிருக்கிறவர் எழும்புவார், எழும்பினவர் விலகி வழி விடுவார். தாத்தா, பூட்டன் காலத்திலிருந்து உடம்பு தானாகச் செய்கிற வேலை அது. இருபத்தொரு நாள் பிடித்த சட்டம் அந்த ஒரு நொடியில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நூற்றியிருபது பேரும் ஒரே மூச்சில் எழும்பி, மேடையிலிருந்து கரைக்கு இறங்கி, கைகூப்பி நின்றார்கள்.

மேடையில் மிச்சம் இருந்தவர்கள் செசீலியாவும் இஞ்சினியரும்.

"எழும்பாதீங்க!" என்று அவள் கத்தினது பிந்திவிட்டது.

முதலில் சேறு ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு ஒரு ஏப்பம். பிறகு, மூன்று கிழமை அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து, சொல்லக் கூசுகிற ஒரு சத்தம். கிடுகுகள் ஊதி எழும்பின. தென்னங்குற்றிகள் மிதந்தன. கண்ணாடியிலிருந்து தண்ணீர் பீறிட்டு இஞ்சினியருடைய தொப்பியைத் தட்டியது. அவர் தொப்பியைப் பிடிக்க ஒரு எட்டு வைத்தார். அந்த எட்டு சதுரத்துக்குள் விழுந்தது. வெள்ளைக் காற்சட்டை இடுப்பு வரை காணாமல் போனது.

"கல்லு கஞ்சியாகிட்டு," என்றார் ஓவசியர், ஏதோ வாசிக்கிறவர் போல.

நூற்றியிருபது பேரும் உதவிக்கு ஓடிவந்தார்கள்.

"நில்லுங்க!" செசீலியாவின் குரல் வாவியில் பட்டுத் திரும்பியது. "ஒருத்தரும் பாய்ஞ்சு விழாதீங்க! வடசேரி ஒண்டு, தென்சேரி ஒண்டு. ஒவ்வொண்டா. மெல்ல. பெரியம்மா, நீங்க முதல். விதானையார், இப்ப நீங்க. மூச்சு விட்டுட்டு அடுத்த ஆள்."

ஒவ்வொருவராக வந்து குந்தினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்புளம் வந்தது. கொப்புளம் அடங்கின பிறகே அடுத்தவரை அவள் விட்டாள்.

இஞ்சினியர் கால்களை உதறினார். ஒரு விரல் இன்னும் தாழ்ந்தார்.

"முக்காதீங்க ஐயா."

"என்ன?"

"முக்காதீங்க எண்டன். வாயால மூச்சு எடுங்க. வயித்த இளக்குங்க. என்ர முகத்தப் பாருங்க. நான் சொல்லும்போது மட்டும், மெல்ல."

"நான் ஒரு இஞ்சினியர்!"

"ஓம் மகன். எல்லாரும் அப்படித்தான் சொல்றது."

ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. செசீலியா அவருடைய கக்கத்துக்குள் கை கொடுத்து, சேறு மூச்சு விடும்போது இழுத்தாள், சேறு இறுக்கும்போது நிறுத்தினாள். இஞ்சினியருக்குச் செய்ய வேறு வேலை இல்லை. கண்ணாடி அவருடைய மூக்குக்கு நேரே நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆளாகச் சீதேவிப்பிள்ளை வந்து குந்தினாள். தண்ணீர் குலுங்கியது. நின்றது. இறங்கத் தொடங்கியது. அடைபட்டிருந்த காற்று போய்விட்டதால், தண்ணீருக்கு வழி கிடைத்ததுபோல இறங்கியது. சிவப்புக் கோட்டைத் தொட்டது. தாண்டியது.

"கோட்டுக்குக் கீழ ஒரு விரல்," என்றார் இஞ்சினியர், மிக மெல்லிய குரலில்.

"இப்ப!" என்றாள் செசீலியா.

அவர் பளக்கென்று வெளியே வந்தார். ஒரு சப்பாத்து வரவில்லை. கண்ணகைப் பெரியம்மா பழக்க தோசத்தில் குலவை போட்டுவிட்டாள். யோசேப் வெந்நீர் கொண்டு ஓடிவந்தான்.

சேறு காயக் காய இஞ்சினியர் கிடுகில் கிடந்து யோசித்தார். செசீலியா கைச் சேற்றைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"மேல கஞ்சிதான்," என்றார் கடைசியில். "ஆனா என்ர முழங்காலுக்குக் கீழ இறுகிட்டு. கல்லு மாதிரிப் பிடிச்சுது. கொழும்பில இரிக்கிற எந்தக் கருவியும் இப்படி அளக்காது. நான் உள்ளுக்கு இருந்து பாத்தவன்." பேனையைக் கேட்டார். ஒப்பம் வைத்தார். ஒப்பத்துக்குக் கீழே ஒரு வரி எழுதினார். கட்டி முடியும் மட்டும் இப்போதிருக்கும் பாரம் எக்காரணம் கொண்டும் குறையக்கூடாது.

அவரைத் தோணியில் ஏற்றப் போகிற வழியில், இஞ்சினியர் இனி எந்தச் சேரி என்று ஒரு பிரச்சினை எழுந்தது. சேரியில்லாத பன்னிரண்டாவது ஆள் என்று முடிவாயிற்று.

அந்த ஒரு வரியை ஊர் எழுத்துக்கு எழுத்துப் பிடித்தது. தோணியில் செங்கல் வந்தது. ஒரு அந்தர் செங்கல் ஏறினால் ஒரு ஆள் எழும்பினார். வடக்குச் சுவருக்கு வடசேரி எழும்பியது, தெற்குச் சுவருக்குத் தென்சேரி. சுவர்கள் குந்தியிருந்தவர்களைச் சுற்றி வளர்ந்தன. பாய் இழைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு முதலில் காற்று நின்றது, பிறகு வெயில் நின்றது. கூரை மரத்துக்கு விதானை எழும்பினார். ஓட்டுக்குக் கண்ணகைப் பெரியம்மா எழும்பினாள். தனக்கு மட்டும் நூற்றிநாற்பது ஓடு போயிற்று என்று சாகும் மட்டும் சொல்லித் திரிந்தாள். கதவுக்கும் யன்னலுக்கும் சீதேவிப்பிள்ளை எழும்பினாள்.

மழை தொடங்குவதற்கு முதல் நாள் உள்ளே ஒரே ஒரு ஆள் குந்தியிருந்தாள். தொண்ணூற்றெட்டு இறாத்தல்.

பிரசவ மேசையை நாலு பேர் தூக்கி வந்தார்கள். ஓவசியர் வாசலில் தராசில் நிறுத்தார். நிறுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மிசி, தொண்ணூறுதான் இரிக்கி. எட்டு இறாத்தல் காணாது."

செசீலியா பக்கத்தில் இருந்த தன் பையை எடுத்தாள். கத்தரிக்கோல், நூல், கொதிக்கவைக்கும் சட்டி, கொப்பி, எல்லாம் அதற்குள்தான். இருபத்திரண்டு வருசம் தோணியில் அவளுடைய மடியை விட்டு இறங்காத பை. அதை மேசைமேல் வைத்தாள். ஓவசியர் நிறுத்தார். தராசுக் கம்பு நேராக நின்றது.

மேசை உள்ளே வர அவள் எழும்பினாள். மெல்லத்தான் எழும்பினாள். சேறு ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது கைகளை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. வாவி கறுத்துக்கொண்டு வந்தது. துறையில் யோசேப் தோணிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். மீசை பாதி வளர்ந்திருந்தது.

"மிசி, இண்டைக்கும் தோணி காத்து நிக்கட்டா?"

"வேணாம் மகன்," என்றாள் செசீலியா. "நீ மீனுக்குப் போ."